ஆடத் தெரிந்தவளும் தெரியாதவளும்

சித்தி என்றுதான் நாம் அவளைச் சொல்லி வருகிறோம். ஆனால் அப்படிக் கூப்பிட வேண்டிய ஒரே ஆள் இதுவரை கூப்பிட்டதில்லை. "நீங்க", "உங்களுக்கு", "இந்தாங்க" என்று இந்த மூன்றை வைத்தே அந்தப் பெண் நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு வீட்டில் குண்டூசி என்று பெயர். சின்ன வயதில் அவ்வளவு ஒல்லி. பேச்சும் அப்படித்தான், சுருக்கென்று குத்தும். அப்பா வைத்த பெயர் அது. அப்பா கப்பலில் இன்ஜினியர். இரண்டாம் கல்யாணம் முடிந்த கையோடு கப்பல் ஏறிவிட்டார். அவர் விட்டுப்போன வீட்டில், ஒருவரையொருவர் சரியாகத் தெரியாத இரண்டு பெண்கள் குளியலறையையும் அடுப்பையும் முறை வைத்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் நடந்தது நினைவிருக்கும். கடைத்தெரு மாடியில் இருந்த விளையாட்டுக் கூடத்தை மூடிவிட்டார்கள். அங்கே இருந்த பின்பால் மெஷின்கள்தான் குண்டூசிக்கு உயிர். சாய்வான மேசை, மேலே கண்ணாடி, உள்ளே ஓடும் எஃகுப் பந்து. கீழே இருக்கும் இரண்டு சின்னத் துடுப்புகளால் அதைத் தட்டித் தட்டி மேலேயே வைத்திருக்க வேண்டும். நடுவில் நழுவி விழுந்தால் போச்சு. பெட்டியின் மேல் ஏறி நின்று ஆடிய வயதிலிருந்து அவளுக்கு அது பழக்கம். கூடத்தை மூடிய அன்று வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்தியவள் மறுநாள் வேலைக்குப் போகத்தான் திறந்தாள்.

சித்தி அன்றைக்கே கப்பலுக்குப் பேசினாள். "வீட்டுக்கே ஒண்ணு வாங்கிடலாங்க. ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. நீங்களா வாங்கித் தர்ற மாதிரி இருக்கட்டும்."

அவரும் குண்டூசியிடம் அப்படியே சொன்னார். "ரெண்டு பேரும் சேர்ந்து போய் நல்லதா ஒண்ணு பாத்து எடுங்க."

அந்த 'சேர்ந்து போகும்' நாள் இன்று வந்துவிட்டது.

* * *

காலையில் இருவருமாகச் சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளினார்கள். நான்கு நாற்காலி போட்ட மேசை. அதில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தது அபூர்வம்.

"இந்தப் பக்கம் தூக்கிக்கறேன். நீங்க தள்ளுங்க," என்றாள் குண்டூசி.

"கால்ல பட்டுடப் போகுதும்மா."

"படாது."

அவ்வளவுதான் பேச்சு. மேசை நகர்ந்ததும் தரையில் அதன் கால்கள் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. சித்தி டேப்பை நீட்டி வாசலை அளந்தாள். அளந்ததையே இன்னொரு முறை அளந்தாள். குண்டூசி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நின்றிருந்தாள்.

பஸ்ஸில் இடம் நிறையவே இருந்தது. அதுதான் கஷ்டமாகப் போயிற்று. கூட்டமாக இருந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். குண்டூசி ஜன்னலோரம் உட்கார்ந்து பையை அருகில் வைத்துக்கொண்டாள். சித்தி பின் சீட்டில் உட்கார்ந்து அவள் பின்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

சித்திக்கு மருத்துவமனையில் எக்ஸ்-ரே எடுக்கும் வேலை. நாள் முழுக்க அவள் மனிதர்களிடம் பேசுவதெல்லாம், "அசையாதீங்க. மூச்சைப் பிடிங்க. ம், விடுங்க," மட்டும்தான். வீட்டில் அந்த அளவுகூடப் பேச்சு இல்லை. தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டவள். அதுவரை ஒற்றை அறையில் தனியாக இருந்தவள். ஒற்றை அறையில் தனியாக இருந்தபோது தெரியாத தனிமை, ஆள் இருக்கும் வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. அதை யாரிடம் சொல்வது? கப்பலில் இருப்பவரிடம் சொன்னால் அவர் நடுக்கடலில் என்ன செய்வார்?

* * *

டயர் கடைக்குப் பின்னால் ஒரு கிடங்கு. பழைய பின்பால் மெஷின்களை வாங்கிப் பழுது பார்த்து விற்கும் இடம். உள்ளே நுழைந்ததும் சிவப்பும் நீலமுமாக விளக்குகள். வரிசையாக நின்ற மெஷின்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு பாடின. குண்டூசியின் நடையே மாறிவிட்டது. பஸ்ஸில் வந்த பெண்ணா இவள் என்று சித்திக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடைக்காரர் கையில் துணியோடு வந்தார். பேசிக்கொண்டே எதையாவது துடைத்துக்கொண்டிருப்பது அவர் வழக்கம்.

"வாங்க, வாங்க. யாருக்கு? நல்லா ஆடத் தெரிஞ்சவங்களுக்கா, புதுசா ஆடறவங்களுக்கா?"

"இவளுக்கு," என்றாள் சித்தி.

"இவங்களுக்கு," என்றாள் குண்டூசி, அதே நேரத்தில்.

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். "சரியாப் போச்சு. அம்மாவும் பொண்ணுமா?"

"இல்ல," என்றாள் குண்டூசி சட்டென்று. "இவங்க எங்க அப்பாவோட..."

நிறுத்தினாள். ஏதோ ஒரு சொல்லைத் தேடுவது முகத்தில் தெரிந்தது. கிடைக்கவில்லை.

"எங்க வீட்டுல இருக்காங்க."

மாடியில் குடியிருப்பவரைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார்கள். சித்தி பக்கத்திலிருந்த மெஷினின் மேல் குனிந்து, அதில் எழுதியிருந்ததை மிகவும் அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தாள். 'பந்து விழுந்தால் ஆட்டம் முடிந்தது' என்பதுபோல ஏதோ எழுதியிருந்தது. ஒரு எழுத்தும் மனதில் நிற்கவில்லை.

கடைக்காரர் விவரம் தெரிந்த மனிதர். மேற்கொண்டு கேட்கவில்லை. "முதல்ல இதைப் பாருங்க. சூறாவளின்னு பேரு. ஆடத் தெரிஞ்சவங்க இதைத்தான் கேட்டு வாங்குவாங்க."

கறுப்பு மெஷின். இடுக்கான பாதைகள், செங்குத்தான ஏற்றங்கள். சித்தி ஆடிப் பார்த்தாள். பந்து மேலே போனது தெரிந்தது. கீழே வந்தது தெரியவில்லை. இரண்டு துடுப்புக்கும் நடுவே சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டது. அடுத்த பந்தும் அப்படியே. அதற்கடுத்ததற்கு அவள் பட்டனை அழுத்துவதற்குள் மெஷின் ஓய்ந்து, 'இவ்வளவுதானா நீ' என்பதுபோல ஒரு சத்தம் கொடுத்தது.

"நல்லா இருக்கு. இதையே எடுத்துடலாம்," என்றாள் சித்தி.

"எது நல்லா இருக்கு? நீங்க பந்தைத் தொடவே இல்ல."

"நான் ஆடினா என்ன, ஆடாட்டி என்னம்மா? நீ ஆடு, நான் பாத்துட்டு இருக்கேன்."

குண்டூசி அடுத்த மெஷினுக்குப் போனாள். சர்க்கஸ் படம் போட்டது. அகலமான மேடை, பெரிய பெரிய இலக்குகள், எங்கே பட்டாலும் யானை ஒன்று பிளிறியது. "இது போதும். இதை எடுக்கலாம்."

கடைக்காரர் அவள் நிற்கும் விதத்தையும், இடுப்பை ஒட்டிக் கையை வைத்திருந்த விதத்தையும் பார்த்தே ஆளை எடைபோட்டிருந்தார். "உங்களுக்கு இது ஒரு வாரம் தாங்காதேம்மா. அப்புறம் இதுமேல துணி காயப்போடுவீங்க."

"பரவாயில்ல."

"சூறாவளியே இருக்கட்டுங்க," என்றாள் சித்தி.

"அது வேண்டாம். சர்க்கஸ்," என்றாள் குண்டூசி.

கடைக்காரர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "எத்தனையோ பேர் இங்க வந்து சண்டை போட்டிருக்காங்க. எனக்குப் பிடிச்சதுதான் வேணும்னு சண்டை போடுவாங்க. பிடிக்காததுதான் வேணும்னு சண்டை போடறது நீங்க ரெண்டு பேர்தான்."

வெளியே யாரோ கூப்பிட்டார்கள். "பேசி வைங்க, வந்துடறேன்," என்று அவர் போனார்.

* * *

"எனக்காக வாங்காதீங்க," என்றாள் குண்டூசி. யானை மெஷினின் விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

"உனக்காகன்னுதானேம்மா வந்ததே. உங்க அப்பா சொல்லித்தானே..."

"அப்பாவுக்குப் பின்பால்னா என்னன்னே தெரியாது. போன் பண்ணும்போது பிங்பாங்னு சொன்னார். நீங்க சொல்லிக்கொடுத்ததுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

சித்திக்குக் காதுவரை சூடேறியது.

"சர்க்கஸ் எடுத்தா நீங்க ஆடலாம். எனக்குப் பிரயோஜனம் இல்ல. நான் இருக்க மாட்டேன்."

"எங்க இருக்க மாட்ட?"

"வீட்டுல." குண்டூசி நிமிர்ந்து பார்க்கவில்லை. "அடுத்த மாசம் அம்மா ஊருக்குப் போறேன். அங்க ஒரு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. அம்மாகூடவே தங்கிக்கப் போறேன்."

குண்டூசியைப் பெற்றவள், கணவரைப் பிரிந்து போய்ப் பல வருடமாகிறது. ஒரு பகல் முழுக்க ரயிலில் போனால் வரும் ஊரில் இருக்கிறாள். வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை. ஆனால் மளிகை டப்பாக்கள் அவள் அடுக்கிய வரிசையிலேயே இருக்கின்றன. சித்தி அவற்றை எடுத்துவிட்டு அதே இடத்தில் திருப்பி வைத்து வருகிறாள்.

எக்ஸ்-ரே படத்தில் என்ன தெரிந்தாலும் அதை முகத்தில் காட்டக்கூடாது என்பது சித்தியின் தொழிலில் முதல் பாடம். நோயாளி முகத்தைத்தான் பார்ப்பார். அந்தப் பழக்கம் இப்போது கை கொடுத்தது.

"ரயில்லயா போற?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று தோன்றியது.

"ஆமா."

"என்னாலயா?"

குண்டூசி கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண். "முதல்ல உங்களாலதான். நீங்க வந்த புதுசுல, எப்படா போவோம்னு இருந்துச்சு. இப்ப அப்படி இல்ல. அம்மா ரொம்ப நாளா கூப்பிடறாங்க. அவங்களும் ஒத்தையாத்தான் இருக்காங்க."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்களும் சொல்லாதீங்க. அவர் வந்ததும் நானே நேர்ல சொல்றேன். போன்ல சொன்னா கடல்ல உக்காந்து மனசைக் குழப்பிப்பார்."

"சரி," என்றாள் சித்தி. பிறகு கைப்பையைத் தோளில் மாட்டினாள். "அப்ப மெஷின் எதுக்கு? வா, போலாம்."

"வேணும்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். நீங்க தனியா இருக்கப்போறீங்க இல்ல?"

"தனியா இருந்து பழக்கம்தாம்மா எனக்கு."

"தெரியும்." குண்டூசியின் குரல் இறங்கியது. அவள் காது கேட்கும் கருவி பொருத்தும் கிளினிக்கில் வேலை செய்பவள். மற்றவர்களுக்குக் கேட்காததெல்லாம் அவளுக்குக் கேட்கும். "சாயந்திரம் வேலை முடிஞ்சு வந்து டிவி போடுவீங்க. எனக்குத் தொந்தரவா இருக்கும்னு சத்தத்தைச் சுத்தமா குறைச்சு வெச்சுப்பீங்க. ரிமோட் பட்டன் சத்தம் மட்டும் என் ரூமுக்குக் கேக்கும். டிக், டிக், டிக்னு மாத்திக்கிட்டே இருப்பீங்க. எழுந்து வந்து பக்கத்துல உக்காரலாமான்னு நினைப்பேன். வந்து என்ன பேசறதுன்னு தெரியாம படுத்துடுவேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி தினமும் விழித்திருந்திருக்கிறாள். இந்தப் பக்கம் இவள், யாருமில்லை என்று நினைத்து உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

யானை மெஷின் சும்மா ஒருமுறை பிளிறி ஓய்ந்தது.

"லீவுக்கு வருவியா?" என்று கேட்டாள் சித்தி, கடைசியில்.

"வருவேன்."

"நிஜமா?"

"வருவேங்க."

"வந்தா எதுல ஆடுவ? இந்த யானையிலயா?"

குண்டூசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுலயா? நின்னுக்கிட்டே தூங்கிடுவேன்."

"அப்ப இது வேண்டாம். சூறாவளியும் வேண்டாம். என்னைப் பாத்தா அதுக்கே பாவமா இருக்கு." சித்தி கைப்பையைக் கீழே இறக்கி வைத்தாள். "ரெண்டு பேரும் ஆடற மாதிரி ஒண்ணு கேளு."

* * *

கடைக்காரர் அவர்களைக் கிடங்கின் கோடிக்குக் கூட்டிப்போனார். "இதை முதல்லயே காட்டியிருப்பேன். நீங்க எங்க விட்டீங்க?"

தபால் ரயில் என்று பெயர். பச்சையும் மஞ்சளுமாகப் பழைய மெஷின். நடுவில் பெரிதாக ஒரு ஸ்டேஷன், இருபுறமும் வளைந்து ஏறும் தண்டவாளங்கள்.

"புதுசா ஆடறவங்க ஸ்டேஷனைப் பாத்து அடிச்சாப் போதும். மணி அடிக்கும், ரயில் கூவும், சந்தோஷமா இருக்கும். ஆடத் தெரிஞ்சவங்களுக்கு உள்ள ஒரு கணக்கு இருக்கு. எந்த ஊர் மூட்டையை எந்த வரிசையில ஏத்தணும், எங்க இறக்கணும்னு. நான் வருஷக்கணக்கா ஆடறேன், கடைசி ஊருக்கு இன்னும் போய்ச் சேரல."

குண்டூசி கண்ணாடிமேல் குனிந்தாள். அவள் விரல் ஓரத்தைக் காட்டியது. "இந்தச் சந்து வாய் அகலமா இருக்கே. பந்து இதுல போனா அவ்வளவுதான்."

"அந்தக் குச்சியை நகர்த்தினா வாய் குறுகிடும்மா. பின்கால் திருகையும் கொஞ்சம் இறக்கி வெச்சா பந்து நிதானமா வரும். எடுத்ததும் விழுந்துட்டா மெஷினே திருப்பிக் கொடுக்கற மாதிரியும் வெச்சுக்கலாம்."

"நான் வர்றப்ப இதெல்லாம் மாத்தி வெச்சுக்கறேன்," என்றாள் குண்டூசி. "போறப்ப உங்களுக்குத் தகுந்த மாதிரி திருப்பி வெச்சுட்டுப் போறேன்."

'போறப்ப' என்ற அந்தச் சொல் சித்திக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது.

கண்ணாடியைக் கழற்றிக் குச்சியை நகர்த்தி, கால்களைச் சரிசெய்ததும் சித்தி ஆட நின்றாள். முதல் பந்து விழுந்தது. மெஷின் திருப்பிக் கொடுத்தது. அவள் நம்ப முடியாமல் குண்டூசியைப் பார்த்தாள்.

"என்னைப் பாக்காதீங்க, பந்தைப் பாருங்க! ரெண்டு பட்டனையும் ஒண்ணா அழுத்தாதீங்க. பந்து எந்தப் பக்கம் வருதோ அது மட்டும். அவசரமே இல்ல. துடுப்பு நுனிக்கு வரட்டும், வரட்டும்... இப்போ!"

பந்து ஸ்டேஷனில் மோதியது. மணி அடித்தது.

"மூச்சு விடுங்க!" என்று கத்தினாள் குண்டூசி. "மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஆடறீங்க!"

"பழக்கதோஷம்!" என்றாள் சித்தி. சிரித்த சிரிப்பில் பந்து கீழே போய்விட்டது. கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

பிறகு குண்டூசி ஆடினாள்.

சித்தி அவள் ஆடுவதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வேகமாக வந்த பந்தை அவள் அடிக்கவில்லை. துடுப்பைத் தூக்கிப் பிடித்து, அது தானாக அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு ஒரு சின்னத் தட்டு. பந்து இடது தண்டவாளத்தில் ஏறிச் சுற்றி வந்து, அவள் காத்திருந்த இடத்துக்கே திரும்பியது. மறுபடி ஒரு தட்டு. மெஷினை ஒரு குழந்தையின் தோளைத் தொடுவதுபோல் லேசாக அசைத்தாள். சந்துக்குள் போக இருந்த பந்து மனம் மாறி வெளியே வந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு, நெற்றியில் முடி விழுந்தது தெரியாமல், யாரையும் நினைக்காமல் ஆடினாள்.

வீட்டில் இந்தப் பெண் இப்படி இருந்து சித்தி பார்த்ததே இல்லை. முதன்முதலாகப் பார்க்கும்போது அவள் கிளம்பப்போகிறாள். பார்க்காமலே இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே, இல்லை, இன்னும் கொஞ்ச நேரம் ஆடட்டும் என்று தோன்றியது.

கடைக்காரர் துடைப்பதை நிறுத்தியிருந்தார். "இதையே அனுப்பிடவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அனுப்புங்க," என்றாள் சித்தி. கண்ணை எடுக்கவில்லை.

* * *

திரும்பும் பஸ்ஸிலும் இடம் இருந்தது. குண்டூசி ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. சித்தி கொஞ்சம் தயங்கி அங்கே உட்கார்ந்தாள்.

சாயந்திர வெயில் சீட்டின் குறுக்கே விழுந்திருந்தது.

போன் அடித்தது. கப்பலிலிருந்து. அங்கே சிக்னல் கிடைப்பதே அரிது. பஸ் இரைச்சலில் கேட்காது என்று சித்தி ஸ்பீக்கரைப் போட்டு நடுவில் பிடித்தாள்.

"எடுத்தாச்சா பிங்பாங்?" என்றார் அவர். குரலில் ஒரே உற்சாகம்.

"எடுத்தாச்சுங்க. அடுத்த வாரம் வந்துடும்."

"நல்லது, நல்லது. இப்ப நான் ஒண்ணு சொல்றேன், கேளு. துறைமுக ஆபீஸ்ல வேலை கேட்டிருந்தேன். உங்ககிட்ட சொல்லல. கிடைக்குமோ கிடைக்காதோன்னு இருந்தேன். கிடைச்சிடுச்சு! இனிமே கப்பல் கிடையாது. அடுத்த மாசம் இறங்கிடறேன்."

சித்தி குண்டூசியைப் பார்த்தாள். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள்.

"ஹலோ? கேக்குதா? குண்டூசி பொறந்ததுல இருந்து நான் கடல்லயே இருந்துட்டேன். அவ அம்மா போனப்பவும் நான் வீட்டுல இல்ல. இந்தத் தடவை அப்படி விடமாட்டேன். நாம மூணு பேரும் ஒண்ணா இருக்கணும். இதை அவளுக்காகத்தான் பண்றேன்."

பஸ் ஏதோ ஒரு நிறுத்தத்தில் நின்றது. அவர்கள் இறங்க வேண்டிய இடம் அது அல்ல. குண்டூசி எழுந்தாள். சித்தியின் முழங்காலைத் தாண்டி, யாரோ ஒருவரின் பையில் இடித்துக்கொண்டு, படியில் இறங்கினாள்.

சித்தி பாதி எழுந்தாள். போன் கையில் இருந்தது. பஸ் கிளம்பிவிட்டது.

"சத்தத்தையே காணோமே? சந்தோஷத்துல பேச்சு வரலையா?" என்று அவர் சிரித்தார். "குண்டூசி என்ன சொல்றா? பக்கத்துல இருக்கா இல்ல?"

நடைபாதையில் குண்டூசி பஸ்ஸுக்கு எதிர்த்திசையில் வேகமாக நடந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வேன் குறுக்கே வந்தது. அது விலகியபோது அவளைக் காணவில்லை.

சித்தி ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதோடு வைத்துக்கொண்டாள்.

"இருக்கா," என்றாள். "பக்கத்துலதான் இருக்கா."